பதிலளித்தவர் எண் 47

பெரும்பாக்கம். எட்டாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
மூச்சு வாங்க ஏறிவந்து
முதல் கேள்வியைக் கேட்டேன்:
போராட்டத்தில் கலந்துகொண்டதுண்டா? எதற்காக?
'இப்ப நீ ஏறி வந்தியே, அதுக்குத்தான்.'

கேள்வி பதினொன்று.
கைது செய்யப்பட்டீர்களா? ஆம் / இல்லை.
'கைதுன்னு சொல்ல முடியாது.
வேன்ல ஏத்தினுபோய்
மேடவாக்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல குந்த வெச்சாங்க.
மத்தியானம் தக்காளி சாதம். ஆறு மணிக்கு வுட்டாங்க.'
முந்தின நாள் யாருக்கோ முகூர்த்தம் போல;
மேடையில் தெர்மாகோல் பெயர்கள்
பாதி உரிந்து தொங்கினவாம்.
'பொண்ணு யாரு, மாப்ள யாருன்னு கேட்டுக் கேட்டு சிரிச்சோம்.
அப்பறம் பாத்ரூமைப் பூட்டிட்டாங்க.
அப்பறம் சிரிக்கல.'

என் குறியீட்டுக் கையேட்டில் அடக்குமுறை
பூஜ்யத்திலிருந்து நான்கு வரை.
தடியடி இரண்டு. துப்பாக்கிச் சூடு நான்கு.
பூட்டிய கழிப்பறைக்கு எண் இல்லை.
மறுநாள் அவர் வேலைக்குப் போன வீட்டில்
வேறொருத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்ததற்கும்.
ஃபர்சானாவை போனில் பிடித்தேன்.
'ஒன்று போடு, மிச்சத்தைக் குறிப்பில் எழுது.'
குறிப்புகள் கணக்கில் சேராது,
அவளுக்கும் தெரியும்.

கேள்வி இருபத்து மூன்று.
மீண்டும் போராடுவீர்களா?
ஒன்று என்றால் நிச்சயமாக இல்லை, ஐந்து என்றால் நிச்சயமாக.
'தண்ணி லாரி வந்துச்சா பாரு.'
ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.
வரிசையாகக் குடங்கள், தூரத்தில் சதுப்பு நிலம்.
வரவில்லை.
'அப்ப அஞ்சு போட்டுக்க. வந்தா மாத்திக்கலாம்.'

எழுந்தேன்.
'என் பேரு கேக்கலியே?'
ஆய்வு நெறிமுறை, உங்கள் பாதுகாப்பு,
எண் மட்டும்தான், நீங்கள் நாற்பத்தேழு
என்று ஒப்பித்தேன்.
'மண்டபத்துல அந்த ஏட்டு
பேரு, புருஷன் பேரு, பிளாக்கு, வூட்டு நம்பரு
அல்லாத்தையும் நிதானமா கேட்டு எழுதினாரு.
நீ இன்னாம்மா, நம்பர்ன்ற.'

பிறகு பெயரைச் சொன்னார், இன்ஷியலோடு,
என் கையையே பார்த்தபடி.

எழுதினேன்,
கேள்வித்தாளின் இடது ஓரத்தில், பென்சிலில்.
தரவு ஏற்றுமுன் அந்த ஓரத்தை வெட்டிவிட வேண்டும், அது விதி.
சேப்பாக்கத்தில், துறை அறையில், நானே வெட்டினேன்.
துண்டைக் கிழிக்க வரவில்லை.
பஸ் டிக்கெட்டுகளோடு பர்ஸில் கிடக்கிறது.
நேற்று எடுத்துப் பார்த்தேன்.
வியர்வையில் இன்ஷியல் போய்விட்டது.