மூன்றாம் எண் எந்திரம்

காகித ஆலையை மூடிய அன்று
ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள்.
வெளியே மரக்கிடங்கில் வேலை பார்த்த தைஸ்தோ ஒரு சுத்தியல்,
வெய்க்கோ கடைசி உருளையிலிருந்து இரண்டு முழம் காகிதம்.
நான் எதையும் எடுக்கவில்லை என்றுதான்
நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றி
காப்பிக்குத் தண்ணீர் வைத்தபோது தெரிந்தது:
மூன்றாம் எண் எந்திரம் கூடவே வந்திருக்கிறது,
முப்பத்தோரு வருடப் பழக்கத்தில்,
கூப்பிடாமலே.
இடது காதுக்குச் சற்று மேலே ஓர் இடம் பார்த்து
ஓடத் தொடங்கியது.
இன்றுவரை ஷிப்ட் மாறவில்லை.

ஓலு மருத்துவமனையில்
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து
ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள்.
அழுத்தினேன்.
இன்னும் எதையும் போடவில்லையே என்றன
அந்தப் பெண்ணின் உதடுகள்.

பிறகு ஒரு தாளைக் காட்டினாள்.
சமதரையில் நடந்து வந்த ஒரு கோடு
வலப்பக்கம் போனதும் கிணற்றில் விழுகிறது.
அந்தக் கிணற்றில்தான் கிடக்கின்றன
ஸகரமும் தகரமும் ககரமும்,
சாவிக்கொத்து,
கெட்டிலின் விசில்,
ஜூன் மாதக் கொசுக்கள். (கொசுக்கள் போனதில் வருத்தமில்லை.)

உயிர் வந்து சேர்கிறது.
மெய் வருவதில்லை.

தைஸ்தோ பேசினால்
எலும்பில்லாத ஏதோ ஒன்று
மேசையைத் தாண்டி ஊர்ந்து வருகிறது.
அதற்கு எலும்பு வைப்பது என் வேலை.
சில நாள் மாற்றி வைத்துவிடுகிறேன்.
எங்கள் மொழியில் துலி நெருப்பு,
தூலி காற்று,
துல்லி சுங்கச்சாவடி.
காற்று எழுகிறது என்று அவன் சொல்ல
வாளித் தண்ணீரோடு சவுனாவுக்கு ஓடினேன்.
அவன் சிரித்தான், நானும் சிரித்தேன்.
வாளியைக் கீழே வைக்கத்தான்
கொஞ்ச நேரம் பிடித்தது.

கடையில் கெர்த்து என் கையைப் பிடித்து
ஏதோ சொன்னாள்.
அருமை, அருமை என்றேன்.
வீட்டுக்கு வந்ததும் தைஸ்தோ
மின்கட்டண உறையின் பின்புறம் எழுதிக் காட்டினான்:
அவள் தம்பி போய்விட்டான்.
அந்த உறையை இன்னும் எறியவில்லை.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்,
ஊதுகிறவனுக்காகப் பரிதாபப்பட்டு.
சங்கு உள்ளேயே இருந்தால்
யாருக்காகப் படுவார்களோ.

பனி விழுந்தால் இன்னும் மோசம்.
ஹெல்சிங்கியிலிருந்து வருகிறவர்கள்
இந்த அமைதிக்குக் காசு கொடுக்கிறார்கள்,
குடில் எடுத்துத் தங்குகிறார்கள்,
கண்ணை மூடி நிற்கிறார்கள்.
எனக்கு அது எந்திரத்துக்குப் போடும் எண்ணெய்.
ஆகவே ஜனவரியிலும்
மின்விசிறியை ஓடவிட்டுத் தூங்குகிறேன்.
பக்கத்தில் தைஸ்தோ கம்பளித் தொப்பியோடு படுக்கிறான்.
ஒன்றும் சொல்வதில்லை.
சொல்லியும் இருக்கலாம்.

மார்ச்சில் வளைகுடாவின் மேல்
துளை போட்டு உட்கார்ந்திருந்தோம்,
இரண்டு ஸ்டூல், ஒரு ஃப்ளாஸ்க்,
வாளியில் மூன்று மீன்.
கடல் உறைந்து கரைவரை வெள்ளை.
எந்திரம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது வந்தது.
காதுக்கு அல்ல.
குதிகாலில் ஏறி, முழங்காலைக் கடந்து,
விலா எலும்புகளுக்குள் நின்று
நீளமாக ஒரு முனகல்,
பெரிய விலங்கொன்று தூக்கத்தில் புரள்வதுபோல.
தூண்டிலைத் தூக்கிவிட்டேன்.

என்ன? என்றான் தைஸ்தோ.

இத்தனை வருடத்தில்
அந்தக் கேள்வி என்னுடையது.
அவன் வாயில் அது எவ்வளவு சின்னதாக இருந்தது.
மறுபடி கேட்கட்டும் என்று
காத்திருந்தேன், அற்பம்தான்.
என்ன, அவுனெ?

யா, என்றேன்.
பனிக்கட்டி.
எங்கள் சொற்களில் அதற்கு எலும்பு குறைவு,
கிணற்றில் விழாமல் தப்பியது.
தங்கிவிடுகிறது என்றும் அதற்குப் பொருள் உண்டு.
எதைச் சொன்னேன் என்று அவன் கேட்கவில்லை,
குனிந்து, கையுறையைக் கழற்றி,
வெறும் உள்ளங்கையை
பனிமேல் வைத்துப் பார்த்தான்.