காற்புள்ளி

சால்ட்டோ நகரம், உருகுவாய் ஆற்றுக்கு மூன்று தெரு தள்ளி
எத்செவெரி கம்பளிக் கிடங்கு.
டிசம்பர் வெயிலில் பொதிகளின் கொழுப்பு வாடை படியேறி வந்து
விசைப்பலகை இடுக்கிலும் பிசுபிசுக்கும்.
நெலிடா பியாஞ்சி, கணக்கெழுத்தர்,
மாதக் கடைசியின் மூன்று இரவுகளை
இந்த மாடியறைக்குத் தின்னக் கொடுத்துப் பழகியவள்.

பொதி எண் ஒத்துப்போகிறதா, பெயர் ஒத்துப்போகிறதா,
பணம் போய்ச் சேர்ந்ததா.
அவ்வளவுதான் கேட்டார்கள்.
எடையைப் பார்க்க யாரும் சொல்லவில்லை,
எடை தராசின் வேலை.

இதைத் தானே செய்யும் மென்பொருளுக்கு
தலைநகரத்துக்காரர்கள் ஒரு விலை சொன்னார்கள்.
முதலாளி அவுரேலியோ சிரித்தார்:
அந்தப் பணத்துக்குப் பழைய லாரி ஒன்று வாங்கலாம்,
டீசலோடு.

ஆகவே அவளே கற்றாள். ஒரு கையில் மாத்தே குடுவை, மறு கையில் பெர்ல்.
சொல்லுக்குச் சொல் முன்னால் டாலர் குறி;
முதல் வாரம் கடன் பத்திரம் வாசிப்பது போலிருந்தது.
அடுத்த வாரம் ஓர் அரைப்புள்ளியை மறந்துவிட்டு
இருபது நிமிடம் திரையைத் திட்டினாள்.
பிறகு
கோப்பைத் திற, வரியை எடு, வெட்டு, கூட்டு, எழுது.
நாற்பத்தொரு வரி.
மூன்று இரவின் வேலை
வெந்நீர் கொதிக்கும் முன்னால் முடிந்து நின்றது.

ஒன்றே ஒன்று இடித்தது.
தராசின் கோப்பை அவள் கூட்டினால் ஓர் எடை,
பணம் கொடுத்த கணக்கில் அதைவிடக் குறைந்த எடை.
தப்பு என்னுடையதுதான் என்று
இரண்டு நாள் தன் வரிகளையே சந்தேகித்தாள்.
மூன்றாம் நாள் தராசின் கோப்பை வெறும் கண்ணால் பார்த்தாள்.

212,5 என்று எழுதுகிறது தராசு, இந்த ஊர் வழக்கப்படி.
பணம் கணக்கிடும் பழைய நிரலுக்கோ
காற்புள்ளி என்றால் கட்டம் முடிந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு எடைக் கட்டத்தில்;
ஐந்து, பக்கத்துக் கட்டத்தில், குறிப்பு என்ற தலைப்பின் கீழ்.
ஒன்பது வருடமாக
ஆடு வளர்த்த அறுபத்தொரு பேருக்கும்
கிடங்கு எழுதிவைத்த ஒரே குறிப்பு:
ஐந்து.
ஐந்து.
ஐந்து.

பெயர் என்னவோ கால் புள்ளி.
தின்றது ஒவ்வொரு வாயிலும் அரைக் கிலோ.

காற்புள்ளிக்கு முற்றுப்புள்ளி வைக்க ஒரு வரி போதுமாயிருந்தது.
பழைய கோப்புகள் எல்லாவற்றின் மீதும் ஓடவிட்டாள்:
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து கிலோ.
ஏறத்தாழப் பதினொரு பொதி.
யாருமே திருடாத பதினொரு பொதி.

அவுரேலியோ திரைக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்தபடி கேட்டார்.
கெட்ட மனிதர் இல்லை. லாரிக்குத் தவணை இருக்கிறது.
இந்த மாதத்திலிருந்து சரியாகப் போகட்டும், என்றார்.
பழையதைத் தாண்டச் சொல்ல முடியுமா உன் சாமானிடம்?

முடியும். அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.
கூட்டு என்றால் கூட்டும், தாண்டு என்றால் தாண்டும்,
ஏன் என்று ஒரு சொல் கேட்காது.
அவர் நிற்க நிற்கவே எழுதினாள்,
நாற்பத்து மூன்றாம் வரி.

செருப்புச் சத்தம் படியிறங்கி மறைந்தது.
அந்த வரியின் தலையில் ஒரு # குறி வைத்தாள்.
அது இருந்தால் இயந்திரம் அந்த வரியைப் படிக்காது,
மனிதர்கள் மட்டும் படிப்பார்கள்.
பக்கத்தில் தேதி போட்டாள். யார் சொன்னது என்றும் எழுதினாள்.
தன் பெயரையும்.

மறுபடி ஓடவிட்டாள். அச்சுப்பொறி முனகிக்கொண்டே
வில்மார் தெசேய்ரா, நாற்பத்தொன்றரை கிலோ,
விதவை ஓல்கா பின்டோஸ், பத்தொன்பது,
என்று துப்பிக்கொண்டே போய்
முப்பத்தெட்டாம் பெயரில் தாள் தீர்ந்து நின்றது.

தாள் கட்டு கீழே இருக்கிறது,
தராசுக்குப் பக்கத்து அலமாரியில்.
அவுரேலியோவும் கீழேதான் இருப்பார்.
மாத்தேயில் மிச்சமிருந்ததை உறிஞ்சிவிட்டு
எழுந்தாள்.