பீடம், இலக்கம் 41

கோட்டைக் குழியில் மூன்றாம் மாதம்.
மேலே சோடா மூடி, ஷெல் துண்டு,
அதன்கீழ் ஒல்லாந்தர் செங்கல்,
அதற்கும் கீழே, ஈரமணலில், இன்று
யவனச் சாடியின் கைப்பிடி ஒன்று.
நடுவே பெருவிரல் அழுந்திய குழி.
என் விரலை வைத்துப் பார்த்தேன். பெரிய கை அவனுக்கு.

மதியம் யசோதினி படம் போட்டுக் காட்டினாள்:
கிரேக்க நகரொன்றின் சந்தைவெளி,
சிலையில்லாத பீடங்கள், வரிசையாய்.
வெண்கலத்தை எவனோ உருக்கிக் காசாக்கிவிட்டான்;
ஈயம் வார்த்த பாதக்குழிகள் மட்டும் கல்லில்.
"இடது கால் முன்னுக்கு. பாரம் வலதில்.
இவ்வளவு போதும், ஆள் நிண்ட விதம் சொல்ல."

பின்னேரம் அளவுநாடாவோடு
பஸ் தரிப்பிடத்துப் பீடத்துக்குப் போனேன்.
தேர்தல் சுவரொட்டி மேல் சுவரொட்டி, ஏழு படை.
உச்சியில் துருவேறிய இரண்டு கம்பி,
ஒன்று வளைந்தது.
பெயர் இருந்த இடத்தைச் சன்னம் கொத்தியிருக்கிறது;
கடைசி 'ர்' மட்டும், மரியாதைக்கு, தப்பியிருக்கிறது.

"ஆருக்குச் சிலை வைக்கப்போறியள்?"
ஓட்டோ யூட் ரெஜினோல்ட் கேட்டான்.
"வைக்கேல்லை. நிண்டது ஆரெண்டு பாக்கிறன்."
செருப்பைக் கழற்றினான், ஏனோ.
ஏறிக் கம்பிகளுக்கிடையில் நின்றான்,
குருநகர்ப் பக்கம் பார்த்து.
"இப்பிடியோ?"

கம்பி வளைவின்படி முகம் மற்றப் பக்கம்:
கடலுக்கல்ல, கச்சேரிக்கு.
நான் சொல்லவில்லை.
பஸ் வந்தது. இறங்கியவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.
அவன் அசையவில்லை.
குதிகால்களைச் சுற்றி
வெண்கட்டியால் கோடு கீறினேன்.