மூன்றாவது பெயர்

அந்தக் கட்டுரையில் என் பெயர் மூன்றாவது.
ஹில்லர், பிறகு மாரிகா, பிறகு நான்.
கணக்குப் போட்டவள்.

தார்த்துவில் டிசம்பர் என்றால் மூன்றரை மணிக்கே இருட்டு.
நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
ஆளுக்கொரு விளக்கு கொடுத்தோம்,
பாதிப் பேருக்கு மங்கலானது.
எட்டாவது வாரம் மனச்சோர்வு குறைந்ததா என்று பார்ப்போம்,
அதை மட்டுமே பார்ப்போம் என்று
முன்பே பதிவேட்டில் தேதியிட்டு எழுதியிருந்தோம்.

எட்டாவது வாரம் வந்தது.
பளிச்சென்ற விளக்கும் மங்கிய விளக்கும்
ஒரே அளவில் தோற்றிருந்தன.

ஹில்லர் கத்தவில்லை. பொய்க்கணக்கு எழுதச் சொல்லவில்லை.
தேநீரோடு என் மேசையோரம் நின்று
"தூக்கத்தைப் பார்த்தாயா?" என்றார்.
பார்த்தேன்.
"பசி?"
பார்த்தேன்.
"பெண்கள் மட்டும்? நாற்பதுக்குக் கீழே?"
நான்காவது வாரம், தூக்கம், பதினோரு பேரை நீக்கினால்
ஓர் எண் வேலி தாண்டிக் குதித்தது:
சுழியம் புள்ளி சுழியம் நான்கு.
அன்று மாலை எல்லோரும் கேக் சாப்பிட்டோம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கடினம்.
ஒன்றுமில்லை என்ற விடையை மறைக்க
அதைப் பற்றிப் பேசாமல் இருந்தால் போதும்.

நீக்கிய பதினோரு பேரில் ஒருத்தி, எண் அறுபத்தேழு,
விளக்கைத் திருப்பித் தந்தபோது
வினாத்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்:
"நல்ல விளக்கு. இதன் கீழே இரண்டு ஜோடி காலுறை பின்னினேன்.
அழுகை அப்படியேதான் இருக்கிறது.
இதைக் குறிக்கக் கட்டம் எங்கே?"
'தொடர்பு அறுந்தவர்' என்று அவளைத் தட்டச்சு செய்தது
என் விரல்.

இரண்டு வருடம் கழித்து, ரீயா தெரு மருந்துக்கடை.
அலமாரியில் அதே விளக்கு, இருநூற்று நாற்பது யூரோ,
'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று பெட்டி மேல் பச்சை எழுத்து.
கம்பளித் தொப்பி போட்ட ஒரு பையன்
விலைச்சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு
பக்கத்தில் நின்ற என்னைக் கேட்டான்:
"இது வேலை செய்யுமா?"

தெரியாது என்றேன்.
எனக்குத் தெரியும்.

அன்றிரவு இதழுக்கு எழுதினேன்.
பதினான்கு மாதம் பதில் இல்லை.
"வெளிச்சம்தானே உர்வே, யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று?"
என்று ஹில்லர் கேட்டார், உண்மையான வருத்தத்தோடு.
மாரிகா கூட்டங்களில் இரண்டு நாற்காலி தள்ளி உட்காரத் தொடங்கினாள்.
கடைசியில் திருத்தம் வந்தது. நான்கு வரி.
அதில் என் பெயரை 'உர்வோ' என்று அச்சிட்டிருந்தார்கள்.

இப்போது நூற்றுப் பன்னிரண்டு வரிசையும்
யாரும் திறந்து பார்க்கும்படி கிடக்கிறது,
அந்தப் பதினோரு பேரும் அவரவர் இடத்தில்.
ஓரக்குறிப்பையும் சேர்க்கலாமா என்று கேட்க
அறுபத்தேழை அழைத்தேன்.
"அதை இன்னுமா வைத்திருக்கிறீர்கள்?" என்றாள்.
சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.
பிறகு ஒரு சத்தம்.
சிரித்தாளா, இருமினாளா,
தெரியாது.
இந்த முறை உண்மையாகவே.