ஜாடை

பிறந்த பிள்ளையை நடுவில் கிடத்தி
மூக்கு யாருடையது நெற்றி யாருடையது என்று
பங்கு பிரிக்கிற உறவுக்காரர்கள் மாதிரி
நாங்கள் ஆறு பேர்
பிரேசர் டவுன் மாஸ்க் ரோட்டில்
மசாலா பூரி வண்டியைச் சுற்றி நின்றோம்.
இரவு பதினொன்றே கால்.
நடுவில் கிடந்தது தேஜஸின் போன்.
போனுக்குள் நாலு நிமிடம் பன்னிரண்டு நொடி:
'எட்டாவது கிராஸ்' குழு
இரண்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு
விட்ட பாட்டு.

ஆரம்ப கிட்டார் அப்படியே இங்கிலாந்து, என்றான் தேஜஸ்.
மழை விடாத ஏதோ துறைமுகத்துப் பையன்கள்
எழுபதுகளில் வாசித்தது.
அப்பாவின் கேசட்டில் இருக்கிறது,
வேண்டுமானால் கொண்டுவருகிறேன்.
கேசட்டை எதில் போடுவாய், என்றாள் பிரபுல்லா.
அவளுக்கு டிரம்ஸில்தான் சந்தேகம்.
அமெரிக்காவில் கட்டம்போட்ட சட்டைக்காரர்கள்
அடித்த அதே அடி,
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்
என்று கண்ணை மூடினாள்.
வேண்டாமென்று சொல்லியிருந்த வெங்காயம்
அந்த நேரத்தில் அவள் தட்டில் விழுந்தது.

நவாஸுக்குக் கோபம்.
ஏழு சுரத்தை வைத்துக்கொண்டு
உலகமே குடித்தனம் நடத்துகிறது.
தோள் இடிக்காமல் எப்படி நடப்பது?
ஒரே சந்தில் எதிரே வந்தவனை
திருடன் என்பீர்களா?
(நவாஸின் முன்கையில் குழுவின் பெயர்
பச்சை குத்தியிருக்கிறது, எழுத்துப்பிழையோடு.
அவன் வேறு எப்படிப் பேசுவான்.)

அந்த நடுப்பகுதி இருக்கே, என்றாள் ஜெசிந்தா,
எங்கள் கோயிலில் காணிக்கைப் பை வரும்போது
ஆர்கனில் வாசிப்பார்கள்.
யாரும் மறுக்கவில்லை.
காணிக்கைப் பை வரும் நேரத்தில்
எங்களில் யாரும் கோயிலில் இருந்ததில்லை.

என்னைக் கேட்டார்கள்.
கேட்ட மாதிரியும் இருக்கு,
கேட்காத மாதிரியும் இருக்கு, என்றேன்.
வழவழா கொழகொழா என்றார்கள்.

நான் பாட்டையே கேட்கவில்லை.
ரூபனின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரூபன் அந்தக் குழுவில் இருந்தவன்.
விலகினானா விலக்கினார்களா என்பதில்
இரண்டு கட்சி உண்டு,
இரண்டிலும் நான் இருந்திருக்கிறேன்.
இப்போது மான்யதாவில் இரவு ஷிப்ட்.
இன்று லீவு.
தட்டின் விளிம்பில் அவன் சுண்டுவிரல்
பாட்டுக்கு அரை நொடி முன்னால்
போய்க்கொண்டிருந்தது.
மாலை ஆறு மணிக்குத்தான் வந்த பாட்டு.
கரண்ட் போன சொந்த வீட்டில்
படியிறங்குகிறவன் போல
எண்ணாமல் இறங்கியது அந்த விரல்.
மூன்றாவது திருப்பத்தில் நின்றது.
பாட்டு நிற்கவில்லை,
வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது.
விரல் சும்மா கொஞ்ச நேரம் தூக்கியபடி இருந்து
பிறகு ஒரு பட்டாணியை எடுத்துக்கொண்டது.

இங்கிலாந்து போய், அமெரிக்கா போய்,
காணிக்கைப் பை வரை தேடிவிட்டு
கடைசியில் அவனிடம் வந்தார்கள்.
ரூபன், நீ சொல்லு, யாரோட ஜாடை?

காரம் பத்தல, என்றான்.
பாட்டிலா, என்றான் தேஜஸ்.
பூரியில்.

அல்சூருக்கு மீட்டருக்கு மேல் ஐம்பது.
எனக்கும் ரூபனுக்கும் ஒரே வழி.
கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன்.
செயின்ட் ஜான்ஸ் ரோடு திரும்பும்வரை
வாயெடுத்துக்கொண்டே இருந்தேன்.
அவனாகவே போனை எடுத்தான்,
அதே பாட்டை வைத்தான், சத்தமாக.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.
நல்லாருக்கே தம்பி, பழைய பாட்டா?

ஆமாண்ணே, என்றான் ரூபன்.
ரொம்பப் பழசு.

மூன்றாவது திருப்பம் வருவதற்குள்
நிறுத்திவிட்டான்.