நான்காம் எண் இயந்திரம்

பள்ளியில் தந்த அட்டைகளில்
மேலே படம், கீழே சொல்.
நஸாரியோ கத்தரிக்கோலை எடுத்துப்
படங்களையெல்லாம் வெட்டிக் குப்பையில் போட்டான்:
ஆப்பிள், பால் குவளை,
சிரித்தபடி கையசைக்கும் பையன்.
சொற்களின் ஓரத்தை மட்டும் சீராக்கிச்
சோப்புத்தூள் டப்பாவில் வைத்துக்கொண்டான்.

ஏழு வயது. வாயில் ஒரு சொல்லும் வரவில்லை.
படம்தான் எளிது என்றார்கள்.
நான் டப்பாவைப் பார்த்தேன்.
யாருக்கு எளிது?

அன்றே எழுதத் தொடங்கினேன்.
சலவைக்கடை ரசீதுகளின் பின்பக்கம்தான் எங்கள் நோட்டு.
கதவு. குழாய். கூடை.
'அம்மா' என்று எழுதி
மேலங்கியில் குத்திக்கொண்டேன்.
அதைக் கழற்றி
அழுக்குக் கூடையில் கிடந்த
என் இன்னோர் அங்கியில் குத்தினான்.
தப்பு, தப்பு என்று திருப்பி வாங்கிக்கொண்டேன்.
ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது:
துவைக்காத அதில்தான்
நான் அதிகம் இருந்தேன்.

நவம்பரில் புந்தா அரேனாஸில் காற்று வலுத்தால்
தெருமுனையில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
ஒரு கையில் கயிறு, ஒரு கையில் ரசீது.
'காற்று' என்று எழுதிக் காட்டினேன்.
காற்றே அதைப் பிடுங்கிக்கொண்டு
நீரிணைப் பக்கம் போயிற்று.
விழுந்து விழுந்து சிரித்தான்.
அந்தச் சொல்லை அப்புறம்
நான் சொல்லித்தரவே இல்லை.

கையைப் பிடித்து எழுதவைக்காதீர்கள்,
பென்சில் அவனுடையதாகவே இருக்கட்டும்
என்றாள் ஆசிரியை எர்மெலிந்தா.
என் கையை என்ன செய்வதென்று தெரியாமல்
போர்வைகளை மடித்தேன்.
மடித்ததை உதறி, மறுபடி மடித்தேன்.
ஒரு நாள் 'அம்மா' என்று எழுதுவான்;
தேதியோடு அதைச் சட்டம் போட
இடம்கூடப் பார்த்துவைத்திருந்தேன், கல்லாவுக்கு மேலே.

ஜூலை. ஐந்தரைக்கே இருட்டு.
நண்டுப் படகுக்காரர்களின் கம்பளிகள் சுழன்றுகொண்டிருந்தன.
கல்லாவிலிருந்து ரசீது ஒன்றைக் கிழித்து
எழுதி நீட்டினான்:
நாலு அழுகிறது.

நான்காம் எண்ணில் காது வைத்தேன்.
கடைக்காரி தானிட்சாவும் வைத்தாள்.
"நல்லாத்தானே ஓடுது!"
அவன் மறுபடி எழுதினான்,
காகிதம் கிழிய:
நிறுத்து.

நிறுத்தினேன்.
மறுநாள் மெக்கானிக் பின்மூடியைக் கழற்றி
தேய்ந்துபோன பேரிங்கை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.
எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றான்.
நான் பதில் சொல்லவில்லை.
ஜூன் மாதம் முழுக்க அந்த இயந்திரத்தின் முன்னால்
தரையில் புரண்டு கத்திய பிள்ளையை
அடம் என்று சொல்லி
வெளியே தூக்கிப்போன கைகள் இவை.

சட்டத்துக்குப் பார்த்த இடத்தில்
'நாலு அழுகிறது' தொங்குகிறது.
'அம்மா' இன்னும் எழுதவில்லை.
எழுதும்போது எழுதட்டும்.

பழுது பார்த்து நான்காம் எண்ணை ஓடவிட்டபோது
ரசீதில் கேட்டேன்: இப்போது?
தலை சாய்த்துக் கேட்டான்.
வெகுநேரம் கேட்டான்.
பிறகு எழுதினான்: ஏழு.

தானிட்சா தலையில் கைவைத்துக்கொண்டாள்.
நான் ஏழாம் எண்ணை அணைக்கப் போனேன்.