வந்த நேரம்

மிஷன் வீதியில் எனக்குப் பதினொரு வண்டி.
பத்து வந்துவிட்டது.
வராதது நீலநிற ஸ்கூட்டர், பின் பிரேக் கொஞ்சம் இழுக்கும்.

வாடகை நோட்டில் ஐந்து கட்டம்:
பெயர், போன், எடுத்த நேரம், வந்த நேரம், கையெழுத்து.
தீபாஞ்சன் என்று எழுதியிருந்தான், காலை எட்டே முக்கால்.
அடமானத்துக்கு ஓட்டுநர் உரிமம்,
படத்தில் மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை.
ஏழு மணிக்கு வந்துவிடுவேன் என்றான்.
எட்டரை ஆகிவிட்டது.
அவன் போன் அணைந்திருப்பதாக
இந்தியில் சொன்னாள் ஒருத்தி, பிறகு ஆங்கிலத்தில்.
அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை. கடற்கரைச் சாலையை மாலையே அடைத்துவிடுவார்கள்.
தடுப்பருகே சிவப்புத் தொப்பிக் காவலர்
"நடந்து போங்கண்ணே" என்றார்.
பெங்களூரும் ஓசூரும் சென்னையும்
ஐஸ்கிரீம் ஒழுக ஒழுக நடந்துகொண்டிருந்தன.
ஒரு குழந்தையின் பலூன் கடல் பக்கம் போயிற்று,
அழுகை இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

துமா வீதித் திருப்பத்தில் வண்டி நின்றது,
பூட்டி, ஒழுங்காக, கண்ணாடியில் ஹெல்மெட் தொங்க.
ஆக, பையன் திருடனில்லை.
அது இன்னும் மோசம்.
கருங்கற்களில் இறங்கிக் கால் வழுக்கியவர்களைப் பற்றி
மாதத்துக்கு ஒருமுறையாவது காதில் விழுகிறது.

எங்கே போயிருப்பான்?
நான் சொன்ன இடத்துக்குத்தான்.
ஆறு வருடமாகச் சாவி கொடுக்கும்போதெல்லாம் சொல்கிறேன்:
போர் நினைவுச்சின்னம் போங்க, போட்டோ நல்லா வரும்.
வெளிச்சம் எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்வேன்.
நான் நின்று பார்த்ததில்லை.

வெள்ளைத் தூண்கள். நடுவில் சிப்பாய்.
தலை குனிந்திருக்கிறான்,
சார்ஜ் தீர்ந்த போனைப் பார்ப்பவனைப் போல.
கீழே பிரெஞ்சு எழுத்து. எனக்குப் பழக்கமில்லை.
எண்கள் மட்டும் புரிந்தன.
எடுத்த நேரம் 1914,
வந்த நேரம் 1918
என்று வாசித்துவிட்டேன்.
என் கண்ணுக்கு அப்படித்தான் வாசிக்க வரும்.

வாசித்த பிறகுதான் உறைத்தது.

என் கடை ஒரு சொல்தா வீட்டின் முன் அறை.
உரிமையாளர் தூலோனில் இருக்கிறார்,
வாடகை வங்கி வழியாகப் போய்ச் சேரும்.
ஒரு ஜூலை பதினான்குக்கு வந்திருந்தார்.
அந்த வெயிலில் கோட், கோட்டில் பதக்கம்.
நான்தான் ஏற்றிக்கொண்டு வந்தேன்.
அன்று இந்தக் கம்பிக் கதவு திறந்திருந்தது.
"உள்ளே வாயேன்" என்றார்.
வண்டியை விட்டு வர முடியாது என்றேன்.
மலர்வளையம் வைத்துவிட்டு நெடுநேரம் நின்றார்.
இரண்டு மணி நேரக் காத்திருப்பு என்று
அவர் பெயரில் எழுதிக்கொண்டேன்.
வாடகையில் கழித்தும்விட்டேன்.

இன்று கதவு பூட்டியிருக்கிறது.
பூட்டைப் பார்த்ததும்
கை தானாகப் பாக்கெட்டுக்குள் போகிறது.
பதினொரு மாற்றுச் சாவி, ஒரே வளையத்தில்.
இதற்கு ஒன்று யாரிடம் இருக்கும்?

எடுத்துக்கொண்டு போனவர்கள் எந்த நோட்டில் எழுதியிருப்பார்கள்?
என்ன அடமானம் கொடுத்திருப்பார்கள் வீட்டில்?
எத்தனை மணிக்கு மேல்
வரமாட்டான் என்று
ஒருத்தி அடுப்பை அணைத்திருப்பாள்?

"பாய்யா!"
திரும்பினால் தீபாஞ்சன்,
முழங்கால் வரை ஈரம், கையில் ஒற்றைச் செருப்பு.
மற்றொன்றை அலை எடுத்துக்கொண்டதாம்.
அதைத் தேடிக்கொண்டே நேரம் போய்விட்டதாம்.
செருப்பையா, ஒன்றரை மணி நேரமா என்று கத்தினேன்,
தமிழில், அவனுக்குப் புரியாத அளவு வேகமாக.
சிரித்தான். ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொன்னான்.
அவன் போன்தான் செத்துவிட்டதே, என்னுடையதில் எடுத்தேன்.
பின்னால் சிப்பாய் பாதிதான் விழுந்திருந்தான்.

கடைக்கு வந்து
வந்த நேரம் 9.20 என்று எழுதினேன்.
வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தி,
அடுத்த தாளிலும் பதிந்துவிட்டது.
தாமதத்துக்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டேன்.
பெட்ரோலும் குறைவாகத்தான் இருந்தது.

உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன்
படத்தையும் முகத்தையும்
ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தேன்.
அவன்தான்.